ஞாயிற்றுக்கிழமைக் காற்று

பங்குனியில் காற்று வராது. இது சூசைபுரத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். வடக்கிலிருந்து அடிக்கும் வாடை மாசியோடு ஓய்ந்துவிடும், மேற்கிலிருந்து கச்சான் காற்று வந்து சேர வைகாசி ஆகும். இடைப்பட்ட நாட்களில் கடல் எண்ணெய் தடவிய தோசைக்கல் மாதிரி அசையாமல் கிடக்கும். கரையோரம் வரிசை பிடித்து நிற்கும் காற்றாலைகள் சும்மா நின்று வேடிக்கை பார்க்கும்.

இது தெரியாதவர்கள் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் மட்டும்தான். அவர்களுக்கும் யாரோ சொல்லித் தொலைத்துவிட்டார்கள்.

டெல்லியில் வழவழப்பான தாளில் ஓர் அறிக்கை அச்சடித்திருந்தார்கள். அட்டையில் மயில். உள்ளே, இந்தத் தென்கரையில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு அளவில்லாத முதலீட்டு வாய்ப்பு இருக்கிறது என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தது. முதலீட்டாளர்கள் அத்தனையும் பொறுமையாகப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். "வருஷத்தில் சில மாதம் உங்கள் காற்று எங்கே போய்விடுகிறது?" பணக்கார நாடு தன் காற்றைப் பற்றிச் சொன்னால் நம்புவார்கள். ஏழை நாடு சொன்னால் காற்றையே கையெழுத்துப் போடச் சொல்வார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் அப்பளம் பிறந்தது.

கொண்டல் எரிசக்தி நிறுவனம் அதற்கு வைத்த பெயர் வாயில் நுழையாது. கடலில் மிதக்கும் வட்டத் தகடு, ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளை. பார்த்த மீனவர்கள் அப்பளம் என்றார்கள், கடைசியில் நிறுவனத்துக்காரர்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டார்கள். கரைக்கு எதிரே இருக்கும் தீவுகளுக்கு இந்தப் பக்கம் கடலில் லட்சக்கணக்கில் பரப்பிவிட்டிருந்தார்கள். அவற்றைப் புரட்டிப் போடும் அதிகாரம் நிறுவனத்தின் காற்றுக் கட்டுப்பாட்டு அறைத் தலைவி பிளாவியாவின் கையில் இருந்தது.

பிளாவியா சூசைபுரத்துப் பெண். அப்பா படகுக்காரர். ஊரின் முதல் பொறியாளர் என்று மாதா கோயில் திருவிழா மேடையில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். இன்றைக்கு அந்தப் பெருமைக்குச் சோதனை. வெளிநாட்டுக் குழு நேரில் வந்திருந்தது. காற்று இல்லாத பங்குனியில் காற்றை வரவழைத்துக் காட்ட வேண்டும். காட்டினால் பணம் வரும், ஊருக்கு முழுநேர மின்சாரம் வரும், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடும். காட்டாவிட்டால் கொண்டல் எரிசக்தி கடையை மூடிக்கொண்டு போய்விடும். ஊர்ப் பையன்கள் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. காலையிலிருந்து அவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான். காற்று கிளம்பும்போது அப்பளங்களைச் சுற்றிக் கடல் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அந்த நேரத்தில் அங்கே ஆள் இருக்கக் கூடாது என்பது காப்பீட்டுக்காரர்களின் கண்டிப்பு. நிர்வாக இயக்குநர் ஸ்ரீவத்சன், "கடல் காலியா இருக்கிற நாள் எது?" என்று கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை.

"ஞாயித்துக்கிழமை சார். எங்க ஆளுங்க ஒருத்தரும் இறங்க மாட்டாங்க. பூசைக்குப் போயிருவாங்க."

படகுகளின் சிக்னல் பெட்டிகளை வைத்துக் கணக்கெடுக்கும் துறைமுகத்துக் கணினியும் அதையே சொன்னது. எந்த ஞாயிற்றுக்கிழமையும் ஒரு படகுகூட வெளியே போனதாகப் பதிவில்லை. இருந்தாலும் இருக்கட்டும் என்று போன வாரம் பங்குச் சாமியாரிடம் சொல்லிப் பூசை முடிவில் அறிவிப்பும் வாசிக்க வைத்தாள். இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன செய்ய முடியும்?

கடற்கரையில் பந்தல் போட்டிருந்தார்கள். குழுத் தலைவி மார்கரேத்தா உயரமான, அதிகம் சிரிக்காத அம்மாள். அவர் தன் மொழியில் பேசினால், எல்லோர் காதிலும் மாட்டியிருந்த கருவி அதைச் செய்தி வாசிப்பவர் தமிழில் சொன்னது.

"காற்றை உற்பத்தி செய்வது எவ்வாறு சாத்தியம் என்பதை எளிமையாக விளக்குவீர்களா?" என்றது கருவி.

ஸ்ரீவத்சன் இதற்காகவே காத்திருந்தார். "ரொம்ப எளிமை மேடம். ஒரு இடம் சூடானா அங்க இருக்கிற காத்து மேல எழும்பும். காலியான இடத்தை நிரப்பக் குளிர்ந்த காத்து பக்கத்துல இருந்து ஓடி வரும். ஓடி வர்றதுக்குப் பேர்தான் காத்து. இயற்கை தன்னிஷ்டத்துக்குச் செய்யுது. நாங்க வேணுங்கிற நேரத்துக்குச் செய்யறோம். அப்பளத்தைக் கறுப்பா புரட்டினா வெயிலை வாங்கிச் சூடாகும். வெள்ளையா புரட்டினா வெயிலைத் திருப்பி அனுப்பிரும்."

"இதன் விளைவுகள் கட்டுக்குள் இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?"

"முழுக் கட்டுப்பாடு மேடம்," என்றார் ஸ்ரீவத்சன். மார்கரேத்தா தலையாட்டவில்லை.

பிளாவியா கையிலிருந்த பலகைக் கணினியில் விரலை வைத்தாள். தூரத்தில் வெளிறிக் கிடந்த கடல் ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே போனது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. விருந்தாளிகள் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்கள், ஸ்ரீவத்சன் சிரித்த முகத்தை மாற்றாமல் நின்றார். பிறகு பந்தலின் ஓரத் துணி லேசாக அசைந்தது. முதல் காற்றாலையின் இறக்கை சோம்பல் முறிப்பதுபோல் ஒரு சுற்றுச் சுற்றியது. அடுத்தது, அதற்கடுத்தது. கொஞ்ச நேரத்தில் வரிசை முழுவதும் சுழன்றது. பங்குனி வெயிலில், மனிதர் வரவழைத்த காற்று பந்தலைப் பிடித்து உலுக்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். பிளாவியாவுக்கு அழுகை வந்தது. அப்போதுதான் ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கலாம் என்று தோன்றியது.

தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஜொகரா நின்றிருந்தாள். கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் மரைக்காதுறையைச் சேர்ந்தவள். சூசைபுரம் கன்னியர் பள்ளியில் பிளாவியாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள். அவள் தேங்காய்ப்பாலில் கிளறும் தொதல் அல்வாவுக்கு வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வரும். விருந்தாளிகளுக்குத் தொதலும் இஞ்சிச் சாயாவும் கொடுக்கும் பொறுப்பை பிளாவியாதான் அவளுக்கு வாங்கிக் கொடுத்திருந்தாள். இப்போது ஜொகராவின் கையிலிருந்த தட்டு ஒரு பக்கமாகச் சரிந்து சாயா வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"பிளாவியா, இந்தக் காத்து எவ்வளவு நேரம் அடிக்கும்?"

"மத்தியானம் வரைக்கும். இன்னும் கூடும். ஏன்டி, பயந்துட்டியா?"

"எங்க மச்சான் கடல்ல இருக்காக."

அவள் மச்சான் என்றது தன் புருஷன் கலந்தரை. பிளாவியாவுக்கு முதலில் விளங்கவில்லை. "இன்னைக்கா? ஞாயித்துக்கிழமை ஏன்டி போனாங்க?"

"ஞாயித்துக்கிழமைதான்டி போவாக. சங்கு குளிக்கிறவுகளுக்கு அதுதான நாளு. உங்க ஆளுக வலை இழுக்க மாட்டாக, தண்ணி கலங்காம கண்ணாடியாட்டம் கிடக்கும், அடியில சங்கு தெரியும். எங்களுக்கு லீவு வெள்ளிக்கிழமைல்ல. உனக்குத் தெரியாதா?"

தெரியும். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் போகும்போது மரைக்காதுறை வள்ளங்கள் மணலில் கவிழ்ந்து கிடப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வார்கள் என்று மட்டும் ஒருநாளும் நினைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை சூசைபுரம் முழுக்கக் கோயிலுக்குள் பீடத்தைப் பார்த்து நிற்கும். கடல் முதுகுப் பக்கம் இருக்கும்.

"நாங்க அறிவிப்பு வாசிச்சோமே," என்றாள்.

"எங்க வாசிச்சீக?"

"கோயில்ல."

"எங்க பள்ளிவாசல்ல யாருடி சொன்னா? வெளிநாட்டுக்காரவுக காத்தாடியப் பாக்க வாராக, பலகாரம் வேணும்னுதான எங்கிட்டச் சொன்ன."

"வள்ளத்துல சிக்னல் பெட்டி இருக்குமா?"

"துடுப்பு வள்ளத்துல பெட்டிக்கு எங்க போறது? ஃபோனையும் நனைஞ்சிரும்னு வீட்ல வச்சிட்டுத்தான் போவாக. மச்சான் கயித்தப் பிடிச்சு முங்கிக் கிடப்பாக பிளாவியா. மேல காத்தடிக்கிறது கீழ இருக்கிறவுகளுக்கு எப்படித் தெரியும்?"

பிளாவியா ஓடினாள். பந்தலின் முன்வரிசையில் ஸ்ரீவத்சன் ஒரு விருந்தாளிக்குச் சுழலும் இறக்கைகளைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவரைத் தனியே இழுத்து வந்து விஷயத்தைச் சொன்னாள். அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிவிட்டது. கெட்ட மனுஷர் இல்லை அவர்.

"எத்தனை பேர்?"

"தெரியல சார். நாலஞ்சு வள்ளம் இருக்கலாம். அப்பளத்துக்கும் தீவுக்கும் நடுவுல."

"கடலோரக் காவல்படைக்குச் சொல்லுங்க. படகு போகட்டும்."

"படகு போய்ச் சேர்றதுக்குள்ள காத்து இன்னும் ஏறிரும். நிறுத்தணும் சார்."

ஸ்ரீவத்சன் பந்தலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் பேசினார். "கேளுங்க பிளாவியா. இப்ப நிறுத்தினா இயந்திரம் கோளாறுன்னு நினைப்பாங்க. சாயங்காலம் விமானம் ஏறிப் போயிருவாங்க. இந்த நாட்டுக்கு இன்னொரு தடவை யாரும் வர மாட்டாங்க. உங்க ஊர்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருது? போன கோடையில ஆஸ்பத்திரியில கரண்ட் போய் இன்குபேட்டர்ல இருந்த குழந்தைங்களுக்கு என்ன ஆச்சு? அதுங்களும் உயிர்தானே? நான் படகு அனுப்ப வேணாம்னு சொல்லலை. கொஞ்ச நேரம் பொறுங்கன்னுதான் சொல்றேன்."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. அந்தக் குழந்தைகளில் ஒன்று அவள் சித்தி மகளுடையது. அந்த வீட்டு வாசலில் நின்று, இனி இந்த ஊரில் மின்சாரம் போகவே போகாது என்று அவளே வாக்குக் கொடுத்திருக்கிறாள். ஒரு பக்கம் முகம் தெரிந்த ஒரு கலந்தர் அண்ணன், மறுபக்கம் இன்னும் பிறக்காத எத்தனையோ பேர். எடை போட்டுப் பார்க்க யாரால் முடியும்? யோசித்துக்கொண்டே நின்றால் காற்றே முடிவெடுத்துவிடும்.

கணினித் திரையில் விரலை வைத்து இழுத்தாள். ஸ்ரீவத்சன் அவள் கையைப் பிடிக்க வந்து, பிடிக்காமல் நின்றுவிட்டார்.

கடல் ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. காற்று நிற்கவில்லை. முட்டுக்கட்டை போட்டாலும் தேர் கொஞ்ச தூரம் நகர்ந்துதான் நிற்கும். சூடேறிய கடல் ஆறும்வரை காற்று அடிக்கத்தான் செய்யும் என்று அவளுக்குத் தெரியும். எவ்வளவு நேரம் என்றுதான் தெரியாது. அதை யாரும் சோதித்துப் பார்த்ததே இல்லை. வரவழைப்பதில் இருந்த ஆர்வம் நிறுத்துவதில் யாருக்கும் இருந்ததில்லை.

காவல்படைக்குத் தகவல் சொல்லிவிட்டு ஜொகராவோடு கழிமுகத்தைக் கடந்து மரைக்காதுறைக்குப் போனாள். கரையில் பெண்கள் முக்காட்டைக் காற்றில் இறுக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார்கள். யாரும் அவளை ஏசவில்லை. ஒரு பெண் நகர்ந்து அவளுக்கும் நிற்க இடம் விட்டாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜொகரா உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டே இருந்தாள். பிளாவியாவும் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டாள், பூசையைத் தவறவிட்ட நாளில் கூப்பிடுகிறோமே என்ற கூச்சத்தோடு.

அலைகளுக்கு நடுவில் முதல் வள்ளம் தெரிந்தது. அது கரையேறுமுன் இரண்டாவது. வந்தவர்கள் மணலில் விழுந்து மூச்சு வாங்கினார்கள். இன்னும் இரண்டு வந்தன. கலந்தரின் வள்ளம் மட்டும் வரவில்லை. நங்கூரம் பிய்ந்து அது தெற்கே ஓடியதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அப்போது கலந்தர் வள்ளத்துக்குள் இருந்தாரா தண்ணீருக்குள் இருந்தாரா என்று கேட்டதும் சொன்னவர் தலையைக் குனிந்துகொண்டார்.

காற்று அடங்கிக்கொண்டே வந்தது. தூரத்துக் காற்றாலைகள் ஒவ்வொன்றாக நின்றன. கடல் மறுபடியும் ஒன்றும் அறியாததுபோல் கிடந்தது. ஜொகரா ஓதுவதை நிறுத்திவிட்டு பிளாவியாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடி வலித்தது. விடச் சொல்லும் தைரியம் பிளாவியாவுக்கு இல்லை.

வெகுநேரம் கழித்துத் தெற்கிலிருந்து காவல்படைப் படகு ஒரு வள்ளத்தை இழுத்துக்கொண்டு வந்தது. படகில் போர்வை போர்த்திக் கலந்தர் உட்கார்ந்திருந்தார். மேலே வந்தபோது வள்ளம் இல்லை, கயிறு இல்லை, அலை மட்டும் இருந்தது என்றார். இன்னும் கொஞ்ச நேரம் அலை அடித்திருந்தால் கை ஓய்ந்திருக்கும், எப்படியோ சட்டென்று அடங்கிவிட்டது, அல்லா காப்பாற்றினான் என்றார். ஜொகரா அவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிளாவியாவும் அழுதாள். தான் செய்தது சரி என்பதில் அந்த நேரம் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அப்போது ஸ்ரீவத்சனிடமிருந்து அழைப்பு வந்தது. "எல்லாரும் வந்துட்டாங்களா?" என்று முதலில் கேட்டார். ஆம் என்றதும் பெருமூச்சு விட்டார். "பந்தலுக்கு வாங்க. மேடம் உங்களைப் பாக்கணுமாம்."

வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். பரவாயில்லை. ஊருக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. பந்தலில் மார்கரேத்தா எழுந்து நின்று அவள் கையைப் பற்றினார். காலையிலிருந்து முதல்முறையாகச் சிரித்தார்.

"தங்களுக்கு எங்கள் மனமார்ந்த பாராட்டுகள்," என்றது காதுக் கருவி. "நாங்கள் பல நாடுகளுக்குச் சென்றோம். எல்லா இடங்களிலும் காற்றை வரவழைத்துக் காட்டினார்கள். நிறுத்திக் காட்டியவர் தாங்கள் ஒருவரே. நிறுத்த இயலாத ஒன்றில் எவரும் பணம் முதலீடு செய்ய மாட்டார்கள்."

பிளாவியா ஸ்ரீவத்சனைப் பார்த்தாள். அவர் கண் கலங்கியிருந்தது. "முழுத் தொகையும் தர்றாங்க பிளாவியா. நாம கேட்டதைவிட அதிகமா. தீவு வரைக்கும் அப்பளம் போடப் போறோம்."

அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தண்ணீர், மின்சாரம், வேலை, கலந்தர் அண்ணன் உயிர், எல்லாம் ஒரே நாளில். இப்படியும் நடக்குமா?

"ஒரு நிபந்தனை உள்ளது," என்றது கருவி, அதே மாறாத குரலில். "கடலில் மனிதர்கள் இருந்தால் உற்பத்தியை நிறுத்த நேரிடும் என்பதை இன்று தாங்களே நிரூபித்தீர்கள். ஒவ்வொரு நிறுத்தமும் இழப்பு. ஆகவே தீவுகள் வரையிலான கடற்பரப்பு வாரத்தின் ஏழு நாட்களும் காலியாக இருக்க வேண்டும். மக்களுக்கு உரிய இழப்பீடு வழங்கப்படும். கடல் காலியாக உள்ளது என்று தினமும் சான்றளிக்கும் பொறுப்பைத் தாங்கள் ஏற்க வேண்டும் என விரும்புகிறோம். மனித உயிரின் மதிப்பைத் தங்களைவிட நன்கு அறிந்தவர் வேறு எவரும் இல்லை."

பிளாவியா காதிலிருந்த கருவியைக் கழற்றினாள். மார்கரேத்தா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். மொழி புரியாவிட்டாலும் அந்தக் குரலில் உண்மையான அன்பு இருந்தது.

"சார், எங்க அப்பா எங்க போவாரு?" என்று ஸ்ரீவத்சனிடம் கேட்டாள்.

"இழப்பீடு தருவாங்க," என்றார் அவர். அவளைப் பார்க்காமல்தான் சொன்னார்.

"நான் மாட்டேன்னு சொன்னா?"

"வேற யாரையாவது போடுவாங்க. அவங்க நிறுத்துவாங்களான்னு தெரியாது."

அவள் கையிலிருந்த கருவியை மேசையில் வைத்துவிட்டுப் பந்தலை விட்டு வெளியே வந்தாள். வெயில் சாய்ந்திருந்தது. ஜொகரா பாத்திரங்களை எடுத்துப்போக வந்திருந்தாள். கூடவே கலந்தரும் வந்திருந்தார். படுக்கச் சொன்னால் கேட்காமல் வந்துவிட்டதாக ஜொகரா குறைப்பட்டுக்கொண்டாள். அழுது வீங்கிய கண்ணில் சிரிப்பு இருந்தது.

"தங்கச்சி, நீங்கதான் நிறுத்துனீகளாம். இவ சொன்னா," என்றார் கலந்தர். குரல் இன்னும் கரகரத்தது. "வேலைக்குக் கேடு வந்துறாதே?"

"இல்லண்ணே. வேலை இருக்கு."

"அப்பச் சரி. காத்தாடி ஓடட்டும், ஓட வேண்டியதுதான். எங்க பிள்ளைகளும் வெளிச்சத்துல படிக்கணும்ல. இனிமே காத்து விடுறதா இருந்தா எங்க பள்ளிவாசல்லயும் ஒரு வார்த்தை சொல்லிருங்க, அது போதும். நாங்க வேற கிழமை பாத்துப் போயிக்கிறோம். கடல் எங்க ஓடியா போயிரப்போவுது?"

பிளாவியா பார்வையைக் கடல் பக்கம் திருப்பினாள். கலந்தர் அதைத் தயக்கம் என்று எடுத்துக்கொண்டு, கவலைப்படாதீர்கள் என்பதுபோல் தலையசைத்துவிட்டுக் குனிந்து அண்டாவைத் தூக்கினார். ஜொகரா மட்டும் அசையவில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பழகியவள் அவள், பிளாவியாவின் முகத்தைப் படிக்க அவளுக்கு எந்தக் கருவியும் வேண்டாம். அவள் கண்ணிலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

"எந்தக் கிழமைய கேக்குறாகடி?" என்றாள்.

"எல்லாக் கிழமையும், ஜொகரா."